கொலுவுக்கு ஒரு காய்ந்த கிளை

போன வாரம் கொல்லையில் இருக்கும் கொய்யா மரத்தைக் கழித்துவிட ஆள் வந்திருந்தார். வெட்டிப் போட்ட கிளைகளில் ஒன்றைப் பேத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்றடி உயரம், நடுவில் அழகாகக் கவை பிரிந்து, கை விரித்தது மாதிரி இருந்தது.

"தாத்தா, இதைக் கொலுவுல வெச்சு, மேல கிருஷ்ணரை உட்கார வெக்கலாமா? தங்கக் கலர் ஸ்பிரே வாங்கி அடிச்சுடறேன். நாளைக்கே ரெடி ஆயிடும்."

"நாளைக்கா?" என்றேன். மேலே சொல்ல வாய் வரவில்லை. இதே வீட்டில் இதே மாதிரி ஒரு கிளையை, இதே அவசரத்தோடு, 1972இல் நானும் தூக்கிக்கொண்டு வந்தவன். அந்தக் கதையையும், அதன் பிறகு நான் தெரிந்துகொண்ட சில விஷயங்களையும் இன்று எழுதிவிடுகிறேன். நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. யாருக்காவது உபயோகப்படலாம்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கொலு என்றால் முதலில் நினைவு வருவது தாயார் சந்நிதி. நவராத்திரி நாட்களில் ரங்கநாயகித் தாயார் கொலு மண்டபத்தில் வீற்றிருப்பதும், ஏழாம் நாள் திருவடி சேவைக்குக் கூட்டம் அலைமோதுவதும், யானை ஆண்டாள் மவுத் ஆர்கன் வாசிப்பதும் நாம் பார்த்துப் பழகியவை. விஜயதசமி அன்று நம்பெருமாள் காட்டழகிய சிங்கர் கோயிலுக்கு எழுந்தருளி, வன்னி மரத்தில் அம்பு போடுவார். யோசித்துப் பார்த்தால் நவராத்திரிக்கும் மரக்கிளைக்கும் உறவு பழையதுதான். உற்சவங்களில் பெருமாள் எழுந்தருளும் கற்பக விருட்ச வாகனம் என்பதும் என்ன? கொல்லனும் தச்சனும் சேர்ந்து கையால் செய்த ஒரு மரம்தானே!

வீட்டுக் கொலுவில் கிளைக்கு வேலை வருவது பெரும்பாலும் ஒரே ஒரு காட்சிக்கு. கோபிகைகள் குளத்தில் நிற்க, கண்ணன் அவர்கள் ஆடைகளை எடுத்துக்கொண்டு மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் காட்சி. வடக்கே அது கடம்ப மரம் என்பார்கள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் அது குருந்த மரம். காட்டு எலுமிச்சை என்று கிராமத்தில் சொல்வார்களே, அதுதான். என் அம்மா ஒவ்வொரு வருஷமும் படிக்குப் பக்கத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு செம்பில் மணலை நிரப்பிக் கிளையை நட்டு, அதில் சின்னச் சின்னப் பட்டுத் துணிகளைத் தொங்கவிடுவாள். கிளை ஒவ்வொரு வருஷமும் புதிது. சரஸ்வதி பூஜை முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கும்போது கிளை கொல்லைக்குப் போய்விடும். "ஒன்பது நாளுக்கு மேல அதுக்கு ஆயுசு வேண்டாம்டா" என்பாள். அது சிக்கனம் இல்லை என்று நினைத்திருந்தேன். அதில் எவ்வளவு விவரம் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

நான் பொன்மலை ரயில்வே பட்டறையில் பேட்டர்ன் ஷாப்பில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928இல் வந்த பட்டறை அது. வார்ப்படத்தில் இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் அந்த உருப்படியை மரத்தில் செய்து மணலில் பதிக்க வேண்டும். அந்த மர அச்சைச் செய்வதுதான் எங்கள் வேலை. செய்து முடித்ததும் அரக்குப் பூசுவோம். ஈர மணலில் மரம் ஊறி உப்பினால் அளவு போய்விடும் என்பதற்காக. ஆக, மரமும் அரக்கும் எனக்குத் தெரியும் என்ற கர்வம் எனக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் அம்மாவிடம், "வருஷா வருஷம் எதுக்குக் கிளை தேடணும்? ஆயுசுக்கும் நிற்கற மாதிரி ஒண்ணு நான் பண்ணித் தரேன்" என்று சொல்லி, காவிரிக் கரையில் வெட்டிப் போட்டிருந்த ஒரு பச்சைக் கிளையைக் கொண்டுவந்தேன். என்ன மரம் என்று கேட்கக்கூட இல்லை. பட்டையைச் சீவி, நாலு நாள் வெயிலில் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மூன்று கை பூசினேன். பளபளவென்று வந்தது. வந்தவர்கள் எல்லாம் அம்மாவைக் கேட்டார்கள், அம்மா என்னைக் காட்டினாள். கொலு முடிந்ததும் கிளையைப் பழைய வேட்டியில் சுற்றி, பரண் மேல் பொம்மைப் பெட்டியிலேயே வைத்தேன்.

அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்தபோது உள்ளே மாவு. அரிசி மாவு மாதிரி, அதைவிட நைஸாக. கிளை முழுக்க ஊசித் துளைகள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மாவின் கொண்டப்பள்ளி தசாவதார செட் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. என் தாத்தா பெஜவாடாவில் வேலை பார்த்தபோது பெண்ணுக்குக் கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்தது. எடுத்தால் மச்சாவதாரம் கையிலேயே உதிர்ந்தது. மேலே வர்ணம் அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை, முட்டை ஓடு மாதிரி. பத்தில் ஒன்பது போயிற்று.

அம்மா திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்துவிட்டு, "அப்பா குடுத்தது" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நான் அதை மறந்திருப்பேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதை எனக்குச் சொன்னவர் பட்டறையில் இருந்த ஒரு மூத்த மேஸ்திரி. அவர் கேட்ட முதல் கேள்வி, "மரப்பாச்சியை வண்டு தொட்டுச்சா?" என்பது. இல்லை. அதே பெட்டியில், அதே கிளைக்குப் பக்கத்தில் இருந்த மரப்பாச்சி ஜோடிக்கு ஒரு துளைகூட இல்லை. "அது செம்மரத்துல வைரம் பாய்ஞ்ச கட்டை தம்பி. அதுல வண்டுக்குத் தீனி கிடையாது" என்றார்.

விஷயம் இதுதான். மரத்தின் வெளிப்புறத்தில் இருக்கும் வெளுத்த பகுதியில் மாவுச்சத்து இருக்கிறது. வண்டு முட்டையிடுவது அங்கேதான். உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த பகுதியில் மாவுச்சத்து இல்லை, கசப்பும் பிசினும் உண்டு. மரப்பாச்சி செம்மரத்தின் நடுக்கட்டையில் கடைந்தது, அதனால் தலைமுறை தாண்டி நிற்கிறது. கொண்டப்பள்ளி பொம்மை செய்யும் தெல்ல பொனிகி மரம் பஞ்சு மாதிரி லேசானது. செதுக்குவதற்குச் சுகம், வண்டுக்கும் சுகம். கிளை என்றால் கேட்கவே வேண்டாம், பெரும்பகுதி வெளிமரம்தான்.

"அரக்குப் பூசினேனே?" என்று கேட்டேன். "நீ பூசறதுக்கு முன்னாலயே முட்டை உள்ளே இருந்திருக்கும். அரக்கு வெளியிலேர்ந்து வர்றவனைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கறவன் அரக்கையும் துளைச்சுக்கிட்டு வருவான்" என்றார். சரி, பொம்மைகளுக்கு வர்ணம் இருந்ததே? அவற்றின் அடிப்பாகத்தில் வர்ணம் இல்லை. பச்சை மரம். வண்டு அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. பத்தில் ஒன்று பிழைத்தது என்றேனே, அது வாமனர். அதன் அடி தேய்ந்து ஆடுகிறது என்று அப்பா எப்போதோ ஒட்டுப் போட்டு, மிஞ்சிய எனாமல் பெயிண்டை அடியிலும் பூசி வைத்திருந்தார். அந்த ஒரு பூச்சு காப்பாற்றியிருக்கிறது. பட்டறையில் அச்சின் ஆறு பக்கமும் பூச வேண்டும் என்று எனக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் அது நினைவு வரவில்லை.

அதன் பிறகு இந்தப் பொருள்களின் பூர்வீகத்தைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அரக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுவே கிளையில் பிறப்பதுதான். கூட்டம் கூட்டமாக ஒரு பூச்சி இலந்தை, பலாசு, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசின் கூடு கட்டும். கிளையோடு ஒடித்து எடுத்தால் அது கொம்பரக்கு. கழுவி உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவல் மாதிரி இருக்கும், அதனால் அவலரக்கு. எவ்வளவு பொருத்தமான பெயர்கள்! நாட்டு மருந்துக் கடைகளில் இந்த இரண்டு பெயரும் இன்னும் செல்லும். வினைல் வருவதற்கு முன்னால் இருந்த 78 சுற்று இசைத்தட்டுகளும் இந்த அரக்கில்தான் செய்யப்பட்டவை. நம் திருச்சியில் வளர்ந்த தியாகராஜ பாகவதரின் குரலைத் தமிழ்நாடு முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, ஒரு கணக்கில் பார்த்தால், இந்தச் சின்னப் பூச்சிதான்.

அரக்கில் இரண்டு குறை உண்டு. ஒன்று, ஈரம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு. மழை மேகம் கட்டிய நாளில் அரக்குப் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. ஆகவே புரட்டாசி கடைசி வரை காத்திருக்கக் கூடாது. ஆவணி வெயிலிலேயே முடித்துவிட வேண்டும். இரண்டாவது, நெருப்பு. துரியோதனன் அரக்கு மாளிகை கட்டியது சும்மா இல்லை. கிளைக்குப் பக்கத்தில் விளக்கு வைக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பசை விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. தச்சர்கள் அந்தக் காலத்தில் வச்சிரம் காய்ச்சி ஒட்டுவார்கள். அது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கொலுப் படிக்குப் பக்கத்தில் அதை வரவிட மாட்டாள் அம்மா. அவளுடையது புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவாள். தஞ்சாவூர்ப் படத்தில் பலாப் பலகையில் துணியை ஒட்டுவதற்கும், சுண்ணப் பொடியைக் குழைத்து மேடு எழுப்புவதற்கும் பழைய ஓவியர்கள் வைத்திருந்த பசைகளில் இதுவும் ஒன்று. கொண்டப்பள்ளியில் பொம்மையின் கையையும் தலையையும் உடம்போடு சேர்க்கவும் இதே பசையில் மரத்தூளைக் கலந்துதான் செய்கிறார்கள். 1959இல் ஃபெவிகால் வந்தது. வச்சிரச் சட்டி தச்சர் வீட்டு அடுப்பிலிருந்து இறங்கியது. அம்மாவின் ஆட்சேபமும் அதோடு தீர்ந்தது.

இலைக்கு வருகிறேன். காய்ந்த கிளையில் நாம்தான் இலையும் பூவும் வைக்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு நெட்டியை மிஞ்சிய பொருள் கிடையாது. டெல்டாவின் ஏரி, குளங்களில் தானாக வளரும் செடி. மேல்தோலைச் சீவினால் உள்ளே தந்தம் மாதிரி வெள்ளைச் சோறு. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குக் கட்டும் நெட்டி மாலை நமக்குத் தெரியும். அதே இனச் செடியின் சோற்றில்தான் வெள்ளைக்காரத் துரைகள் தலையில் வைத்துக்கொண்ட தொப்பியும் செய்தார்கள். கனமில்லாமல் வெயிலைத் தடுத்ததால்! தஞ்சாவூரில் இதில் பெரிய கோயில் மாதிரியை நுணுக்கமாகச் செய்கிறார்கள். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும், நம் பக்கத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

நெட்டிக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். நான் ஒரு தடவை அதற்கும் அரக்குப் பூசிப் பார்த்தேன். உறிஞ்சிக்கொண்டு பழுப்பாகி, அதன் அழகே போயிற்று. தண்ணீர் பட்டாலும் சுருங்கும். அதன் வெண்மைதான் அதன் பூச்சு. தூசி படாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதும்.

நெட்டி கிடைக்காதவர்கள் காகித இலை வைத்தார்கள், அதற்குப் பச்சை வர்ணம் பூசினார்கள். இங்கேதான் சரித்திரம் கொஞ்சம் பயங்கரமானது. ஐரோப்பாவில் 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் ஒரு பச்சை நிறத்தைக் கண்டுபிடித்தார். சில பத்தாண்டுகளில் அதைவிடப் பளிச்சென்ற மரகதப் பச்சையும் வந்தது. இரண்டிலும் இருப்பது பாஷாணம். சீமாட்டிகள் தலையிலும் தொப்பியிலும் சூடிக்கொள்ளும் செயற்கை இலைகளுக்கு அந்தப் பச்சைப் பொடியைத் தூவும் வேலையில் ஏழைப் பெண்கள் இருந்தார்கள். லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் 1861 நவம்பரில் இறந்துபோனாள். அவளுடைய கண்ணின் வெள்ளை விழியே பச்சையாகியிருந்ததாம். பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். ஒரு இலை பச்சையாக இருக்க வேண்டும் என்பதற்காக!

நம் ஊரிலும் பழைய பொம்மை வர்ணங்கள் சாது இல்லை. மஞ்சளுக்கு அரிதாரம், அதில் பாஷாணம். சிவப்புக்கு இங்குலிகம், அதில் பாதரசம். வெள்ளைக்கு ஈய வெள்ளை. பின்னால் வந்த எனாமல் பெயிண்டுகளிலும் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்துதான் அமலில் இருக்கிறது. அதனால் தாத்தா பாட்டி காலத்துப் பொம்மையில் வர்ணம் உதிர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தை கையில் விளையாடவும் கொடுக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து அப்படியே வையுங்கள். மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலக்கும் பழக்கமும் உண்டு. அதுவும் விஷம்தான்.

கிளை அலங்காரம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. பொன்மலை ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. டிசம்பர் பிறந்தால் அவர்கள் வீட்டுக்குச் சவுக்குக் கிளை வந்துவிடும். ஊசியிலை மரத்துக்குப் பதில் சவுக்கு, பனிக்குப் பதில் பஞ்சு. அந்தச் சவுக்கும் ரயிலோடு சம்பந்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சென்னைக் கடற்கரைப் பக்கம் தோப்புத் தோப்பாக வளர்த்தார்கள். எஞ்சினுக்கு வளர்த்த மரம் கிறிஸ்துமஸ் மரமாகவும் ஆனது. ஆனால் பஞ்சும் மெழுகுவத்தியும் சேர்ந்தால் என்ன ஆகும்? மேல்நாட்டில் அந்தப் பயத்தில், தீப்பிடிக்காது என்று அஸ்பெஸ்டாஸ் நாரையே செயற்கைப் பனியாகக் கொஞ்ச காலம் விற்றார்கள். தீயிலிருந்து தப்பி, நுரையீரலில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு ஆபத்துக்குப் பயந்து எதைப் பூசுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி பேத்தியின் கொய்யாக் கிளை. அவளையும் வைத்துக்கொண்டு இப்படி முடிவு செய்தோம்.

கொய்யா நல்ல தேர்வு. கெட்டி, வழவழப்பு, பட்டை தானே மெல்லியதாக உரியும். முருங்கை மாதிரி மெத்தென்ற மரமாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். கிளையைச் சிமென்ட் தொட்டியில் முழுக்க அமுக்கி மூன்று வாரம் ஊறவைத்திருக்கிறோம், தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டு. மூங்கிலையும் மரத்தையும் குளத்தில் ஊறப்போட்ட பெரியவர்கள் காரணம் இல்லாமல் செய்யவில்லை. வண்டுக்குத் தீனியான சத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பிறகு நிழலில் நன்றாகக் காயவேண்டும். நேர் வெயிலில் போட்டால் வெடிக்கும். காய்ந்தபின் கறுப்புக் காகிதத்தின் மேல் ஒரு வாரம் நிறுத்தி வைத்து, மாவு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் கொல்லைக்குப் போகும், தயவு தாட்சண்யம் கிடையாது. விழாவிட்டால் அரக்கு இரண்டு கை, வெட்டுவாய் உட்பட எல்லாப் பக்கமும்.

தங்க ஸ்பிரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரத்தின் நிறத்தை அரக்கில் ஒரு சின்னத் துண்டில் பூசிக் காட்டினேன். தேன் மாதிரி இருந்தது. அவளே ஸ்பிரேயை விட்டுவிட்டாள். உட்காரும் கிருஷ்ணர் மண் பொம்மையாக இருந்தால் கிளை தலைகுப்புற விழும். சிங்காரத்தோப்பு பூம்புகாரில் காகிதக்கூழ் கிருஷ்ணர் கிடைக்கிறாரா என்று பார்க்கப் போகிறோம். இலைக்கு நெட்டி, பூச்சில்லாமல். சூடேறாத எல்இடி விளக்கு, அதுவும் கிளையில் சுற்றாமல் பின்னால் தள்ளி. கொலு முடிந்ததும் கிளை பொம்மைப் பெட்டிக்குள் போகாது. தனியாக வெளியில்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேத்தி, "அப்போ அந்த வாமனர் எங்க தாத்தா?" என்றாள். எடுத்துக் காட்டினேன். மேல் வர்ணம் மங்கி, குடையின் நுனி உடைந்திருக்கிறது. திருப்பி அடியில் அப்பா பூசிய எனாமலைக் காட்டினேன். விரலை வைக்கப் போனவளை, "தொட்டா கையை அலம்பிண்டு வா" என்றேன்.

இந்த வருஷம் வாமனர் தசாவதார வரிசையில் தனியாக நிற்க வேண்டாம், கிளைக்குக் கீழே நிற்கட்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அம்மா இருந்தால் வரிசை தப்பு என்பாள். ஆனாலும் சம்மதித்திருப்பாள் என்று தோன்றுகிறது.